கணப்பை மாற்றிய வாரம்

கூடத்தில் குளிருக்கு எரியும் கேஸ் கணப்பை மாற்றியே தீர வேண்டும் என்று மகன் நைஜல் போனில் ஒற்றைக் காலில் நின்றபோது, ஆட்ரி ஹோவர்த் முதலில் சொன்ன பொய் அது இன்னும் நன்றாக எரிகிறது என்பது. அடுத்த பொய், அதன் மேல் தனக்குப் பிரியம் என்பது. பிரியமாவது மண்ணாவது. மரம் மாதிரி வேஷம் போட்ட ஒரு தகரப் பெட்டி. அதன் வயிற்றில், சூடேறினால் சிவக்கும் நான்கு சுட்டமண் சட்டங்கள், இரண்டு உடைந்தவை. குமிழை அமுக்கித் திருகினால் ஐந்தாறு முறை முரண்டு பிடித்துவிட்டுத்தான் பற்றும். பற்றிய பிறகு ராத்திரி வரைக்கும் பூனை மாதிரி சீறிக்கொண்டே கிடக்கும். புருஷன் ஃப்ராங்க் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பெட்டி மட்டும் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

செப்டம்பரில் வருஷப் பரிசோதனைக்கு வந்த கேஸ்காரன் அதைப் பற்ற வைத்துப் பார்த்து, நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக எரிகிறது என்றான். பின்னால் கரி படிந்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினான். குழாயை மூடி, பெட்டியின் நெற்றியில் சிவப்புச் சீட்டு ஒன்றை ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். இனி அதைப் பற்ற வைக்கக் கூடாது.

"விஷவாயும்மா அது. மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிடும்" என்றான் நைஜல். அவன் இருப்பது ஸ்விண்டனில். அங்கிருந்து அம்மா இருக்கும் பர்ன்லிக்கு வர அரைநாள் கார் ஓட்ட வேண்டும். அதனால் அவன் அக்கறையெல்லாம் போன் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

"தூக்கத்துல போறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்டா."

"இந்த நக்கல்லாம் வேணாம். நான் ஆள் பாத்துட்டேன். செலவு என்னோடது. சுவத்துக்குள்ளேயே பதிச்ச மாதிரி, முன்னாடி கண்ணாடி போட்டு, ரிமோட்டோட வருது. குனியவே வேணாம் உனக்கு."

"குனியறதை விட்டா எனக்கு வேற என்னடா உடற்பயிற்சி?"

"அம்மா!"

"சரி சரி. உன் இஷ்டம். அழகா இருக்கும்" என்றாள் ஆட்ரி.

உண்மையான காரணத்தை அவனிடம் அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பான். சிரிக்காவிட்டால் அதைவிட மோசம், கவலைப்படுவான்.

காரணம் கணப்பு இல்லை, கணப்புக்குப் பின்னால் இருந்த சுவர். அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டுக் கணப்பின் முதுகும் அடுத்த வீட்டுக் கணப்பின் முதுகும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவே ஒற்றைச் செங்கல் கனம். நிலக்கரி எரித்த நாட்களில், பெண்கள் கரி கிளறும் இரும்புக் கம்பியால் கணப்பின் பின்தகட்டில் தட்டித்தான் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள். குழந்தைக்கு ஜுரமென்றாலும் தட்டுதான், டீ போட்டாயிற்று என்றாலும் தட்டுதான். நிலக்கரி போய் கேஸ் வந்தது. கிளறுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பித்தளைத் தாங்கியில் கம்பி அலங்காரமாகத் தொங்கியது, ஆட்ரி வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லிஸ் தார்ன்பர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆட்ரியைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவர் மனைவி டோரீன் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசிக் குளிர்காலத்தில் அந்தத் தகடு ஓயாமல் ஒலித்தது. சத்தம் கேட்டால் ஆட்ரி ஈரக் கையோடு கொல்லைப்புறமாக ஓடுவாள். டோரீனை அடக்கம் செய்த மறுநாள் காலை ஏழரை மணிக்கு மறுபடியும் இரண்டு தட்டு. ஆட்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினாள். கொல்லைக் கதவைத் திறந்த எல்லிஸுக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

"ஒண்ணுமில்லை மிஸஸ் ஹோவர்த். நான் எழுந்துட்டேன்னு... சும்மா. கைப் பழக்கம்."

"ஓ. சரி மிஸ்டர் தார்ன்பர்."

"நீங்க ஓடி வந்து சிரமப்பட வேணாம்."

அதற்கடுத்த நாளும் தட்டினார். ஆட்ரி இம்முறை ஓடவில்லை. கம்பியை எடுத்து, முழங்காலிட்டு, தன் பக்கத்துத் தகட்டில் இரண்டு தட்டு திருப்பித் தட்டினாள். நான் எழுந்துவிட்டேன், நானும் எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தி. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும் புதன்கிழமைகளில் எதிரெதிரே நின்று, குளிரைப் பற்றியும், நகராட்சி தொட்டியின் நிறத்தை மாற்றியதைப் பற்றியும் பேசுவார்கள். அந்த ஊர் ஜனங்கள் மழையைப் பற்றிப் பேசச் சொன்னால் பகல் முழுக்கப் பேசுவார்கள். மனசில் இருப்பதைக் கேட்டால் கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனால் ஆட்ரி நிம்மதியாகத் தூங்கியது அந்த இரண்டு தட்டின் பேரில்தான். அதே தெருவில் மிஸஸ் டாட்டர்சால் என்று ஒருத்தி இருந்தாள். தபால்கள் குவிந்து, கதவின் தபால் துளை அடைத்துக்கொண்ட பிறகுதான் அவள் செத்துக் கிடந்தது வெளியே தெரிந்தது. அடக்கத்துக்குப் போய் வந்த அன்று ஆட்ரிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சாவு பயமில்லை அவளுக்கு. யாருக்கும் தெரியாமல் கிடப்பதுதான் பயம். எனக்கு அப்படி ஆகாது, நான் ஒரு காலை தட்டாவிட்டால் எல்லிஸ் தார்ன்பர் வந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு நம்பிக்கையை நைஜல் செலவு செய்து பெயர்த்தெடுக்கப் போகிறான்.

புதன்கிழமை குப்பைத் தொட்டியருகே அவள் பேச்சைத் தொடங்கிப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை என் கணப்பை மாத்தறாங்க மிஸ்டர் தார்ன்பர்."

"அப்படியா? ரொம்ப நல்லது. பழசு ஆபத்து."

"உங்களுதும் அதே காலத்து மாடல்தானே?"

"என்னுது நல்லாத்தான் எரியுது. என்னை மாதிரியே. சத்தம் ஜாஸ்தி, சூடு கம்மி."

ஆட்ரி சிரித்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "சுவரெல்லாம் உடைப்பாங்க. இரைச்சலா இருக்கும்" என்பதுதான் வெளியே வந்தது.

"அதனால என்ன. வேலைன்னா இரைச்சல் இருக்கத்தானே செய்யும்" என்றார் அவர். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். மேகமாக இருந்தது.

திங்கட்கிழமை கணப்பை மாற்ற வந்த டேரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். வேனிலிருந்து சாமான் இறக்கும்போதே டீக்கு எத்தனை சர்க்கரை என்று சொல்லிவிட்டான்.

"மூணு சர்க்கரைம்மா. டாக்டர் ஒண்ணுன்னாரு, என் பொண்டாட்டி அதுவும் கூடாதுன்னா. இங்க அவங்க ரெண்டு பேருமே இல்லையே."

பழைய பெட்டியைக் கழற்றும்போது அவன் அதைக் கேலி செய்யாமல் இருக்கவில்லை. "இதைப் போட்டவர் யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

"நல்ல கெட்டியான ஆளு போல. எட்டு ஸ்க்ரூ போதும்னா பதினாறு போட்டிருக்காரு."

"எல்லாத்துலயும் அப்படித்தான். அவர் கட்டின பார்சலைப் பிரிக்க ரம்பம் வேணும்."

பெட்டி வெளியே போனதும் கூடம் ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பின்தகட்டையும் டேரன் பெயர்த்தான். அதற்குப் பின்னால் கரி படிந்த செங்கல் தெரிந்தது. அதற்கும் பின்னால் எல்லிஸ் வீட்டுக் கூடம். ஆட்ரிக்கு அந்தச் செங்கல்லைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அந்நிய ஆள் முன்னால் என்னவென்று தொடுவது? டீ போடப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவன் கனத்த பஞ்சுப் பலகைகளை அறுத்து அந்தக் குழிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு தம்பி?"

"சூடு வெளிய போகாம இருக்கத்தாம்மா. பழைய சுவருங்க, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நீங்க சூடு கொடுத்துக்கிட்டிருந்தீங்க."

"சத்தம்? சத்தம் போகுமா?"

டேரனின் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா எல்லாரும் கேக்கறாங்க. கவலையே படாதீங்க. பக்கத்துல ட்ரம் அடிச்சாக்கூட உங்களுக்குக் கேக்காது. நம்ம வேலைன்னா அப்படி. ஏன், பக்கத்து வீட்ல தொந்தரவா?"

"இல்லை, இல்லை. அவர் ரொம்ப நல்ல மனுஷர்."

"நல்ல மனுஷனா இருந்தாலும் சத்தம் சத்தம்தானே. இன்னும் ரெண்டு பலகை வெக்கறேன் உங்களுக்காக. காசு வேணாம்."

அதையெல்லாம் எடு, எனக்குச் சத்தம் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். ஆட்ரி, "ரொம்பப் பெரிய மனசு தம்பி உனக்கு" என்று சொல்லி, பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. சுவரோடு சுவராக ஒரு கண்ணாடி, உள்ளே நிஜம் போலவே செய்த மரக்கட்டைகள். டேரன் ரிமோட்டை அமுக்கினான். தீ எழுந்தது. அழகாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சீறலும் இல்லை, படபடவென்ற சத்தமும் இல்லை. டேரன் போன பிறகு, அது எரிகிறதா இல்லையா என்று ஆட்ரி இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கண்ணாடிக்கு முன் நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணாடியில் தட்டினால் உடைந்து போகும். பக்கத்துச் சுண்ணாம்புப் பூச்சில் தட்டிப் பார்த்தாள். பூச்சு இன்னும் காயவில்லை, கம்பி அமுங்கிக் குழி விழுந்ததுதான் மிச்சம். கட்டைவிரலால் குழியைத் தடவி மூடினாள்.

அவள் கலங்கிப்போனாளா என்றால் இல்லை. உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்புத்தான் இருந்தது. தன் தட்டு அவருக்குக் கேட்டிருக்காது. கேட்காவிட்டால் அவர் வருவார். வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் புதுக் கணப்பைக் காட்டலாம், நடந்ததைச் சொல்லலாம், இனிமேல் என்ன செய்வது என்று வாய்விட்டுப் பேசிவிடலாம். சுவர் செய்த வேலையைக் கதவு செய்யட்டுமே. ஆட்ரி நீலக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இஞ்சிக் கேக் சுட்டாள். உதட்டுச் சாயத்தைப் பூசி, கண்ணாடியில் பார்த்து, கிழவிக்கு ஆசையைப் பார் என்று தன்னையே திட்டிப் பாதியைத் துடைத்தாள். பிறகு கணப்பின் முன் உட்கார்ந்தாள்.

பத்து மணியாயிற்று. பன்னிரண்டாயிற்று. தீ சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. கொல்லைக் கதவின் தாழ் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. கேக் ஆறிப்போய் மேலே தோல் கட்டியது. தெருவிளக்கு எரியத் தொடங்கியதும் எழுந்து போய்க் கேக்கை டப்பாவில் போட்டு மூடினாள்.

புதன்கிழமை குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது எல்லிஸின் தொட்டி தெருவில் இல்லை. வேண்டுமென்றே அங்கே நின்றாள். எதிர் வீட்டுக்காரியோடு மழையைப் பற்றிப் பேசினாள். வேறு தெருவில் இருப்பவனுக்குக்கூடக் கேட்கும் குரலில் சிரித்தாள். எல்லிஸ் வீட்டுத் திரை விலகவில்லை. அவர் இவளைத் தவிர்க்கிறார் என்று தோன்றியது. நேற்று முழுக்க நான் தட்டவில்லை, செத்தேனா இருக்கிறேனா என்று எட்டிப் பார்க்கவில்லை, இன்று முகத்தைக் காட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று பகல் பூராவும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை ஆண்டுகள் எதை நம்பித் தூங்கினேன்? இரண்டு இரும்புச் சத்தத்தை. தட்டு நின்றதும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டார். மிஸஸ் டாட்டர்சால் மாதிரி நானும் கிடந்திருப்பேன், இந்த மனுஷர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டி வாட்டிக்கொண்டிருந்திருப்பார். நைஜல் மாலையில் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டான். "அழகா இருக்குப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதாள். அந்த வீட்டில் அவள் அழுதால் கேட்க ஒரு ஜீவன் இல்லை என்பது முன்பும் உண்மைதான். ஆனால் முன்பெல்லாம் அது அவளுக்கு உறைத்ததில்லை.

வியாழக்கிழமை காலை கோட்டை மாட்டினாள். கொல்லைப்புறமாகப் போய் எல்லிஸின் சமையலறைக் கதவை முஷ்டியால் தட்டினாள். சொல்ல வேண்டியதை ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான் செத்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மிஸ்டர் தார்ன்பர்? அதைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிவிட வேண்டும்.

கதவு திறக்க வெகு நேரமாயிற்று. தரையில் எதையோ ஊன்றி ஊன்றி வரும் சத்தம் கேட்டது. திறந்தபோது ஆட்ரியின் மனப்பாடம் மறந்து போயிற்று. எல்லிஸின் முகத்தில் ஒரு பாதி கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. புருவத்தில் காய்ந்த ரத்தம். கையில் துடைப்பக் கட்டையை ஊன்றியிருந்தார்.

அவர்தான் முதலில் பேசினார்.

"மிஸஸ் ஹோவர்த். நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். செவ்வாக்கிழமை ரொம்ப இரைச்சல் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கணும்."

"என்ன இரைச்சல்?"

"அதான், தட்டினேனே." அவர் சிரிக்கப் பார்த்தார், வீங்கிய கன்னம் விடவில்லை. "காலைல எழுந்து கணப்பைப் பத்த வெக்கக் குனிஞ்சேன். விரிப்பு வழுக்கிடுச்சு. விழுந்தவன் எழுந்துக்க முடியலை, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கம்பி கைக்கு எட்டுச்சு. அதனால தட்டினேன். ரெண்டு தட்டினேன், மூணு தட்டினேன், அப்புறம் பாட்டுக்குத் தாளம் போடற மாதிரிகூடத் தட்டிப் பாத்தேன். பைத்தியக்காரன்னு நெனச்சிருப்பீங்க."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான். மத்தியானம் வரைக்கும் இருக்கும்." காலை மாற்றி ஊன்றினார். "அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. புதுக் கணப்பு போட்டிருக்காங்க, பாக்க நாலு பேரு வந்திருப்பாங்க, அவங்க முன்னாடி நாம இப்படிச் சுவத்தை இடிச்சா என்ன நெனைப்பாங்கன்னு. நிறுத்திட்டேன். தெருவிளக்கு போடற நேரத்துக்கு மெல்லத் தவழ்ந்து நாற்காலில ஏறிட்டேன். ஒண்ணும் குறைஞ்சு போகலை."

"அடுத்த நாள்?"

"தட்டலை. நீங்க வேணாம்னு நெனக்கறப்ப எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

அந்த மனுஷர் தரையில் கிடந்து தட்டிய நேரம் முழுக்க, அவள் ஒரு செங்கல் தள்ளி, நீலச் சட்டையும் அரை உதட்டுச் சாயமுமாக, அவர் ஏன் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டது, கேட்டும் வரவில்லை என்றே இவர் நினைத்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் மன்னிப்புக் கேட்கிறார்.

"எனக்குக் கேக்கலை மிஸ்டர் தார்ன்பர். சத்தியமா கேக்கலை. பின்னாடி பூராப் பஞ்சு வெச்சு அடைச்சுட்டான். ட்ரம் அடிச்சாலும் கேக்காதுன்னு அவனே சொன்னான்."

"ஆமாமா. அதுவாத்தான் இருக்கும்" என்றார் எல்லிஸ்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நைஜலிடம் அழகாக இருக்கிறது என்று அவள் சொன்னது அதே குரலில்தான். அவர் அவளை நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கும் அளவுக்கு நல்லவராகவும் இருந்தார். இனி ஒரு புதன்கிழமையும் விடாமல் மழையைப் பற்றிப் பேசுவார், சாகும்வரைக்கும் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டே.

"குளிர்ல நிக்காதீங்க, போங்க" என்று கதவைச் சாத்தப் போனார்.

ஆட்ரி கதவிடுக்கில் காலை வைத்தாள். வாழ்நாளில் அவள் அப்படிச் செய்ததில்லை.

"நீங்க எங்க வீட்டுக்குப் போங்க."

"எதுக்கு?"

"போய்க் கணப்பு முன்னாடி உக்காருங்க. நான் இங்க இருந்து தட்டறேன். கேக்குதான்னு நீங்களே பாருங்க."

"அதெல்லாம் எதுக்குங்க, நான்தான் சொல்றேனே—"

"நீங்க சொல்றது எனக்கு வேணாம். போய்ப் பாருங்க."

பெண்பிள்ளை குரலை உயர்த்திவிட்டாளே என்று பயந்தே எல்லிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆட்ரி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கொல்லைகளைக் கடப்பதற்குள் அவர் நான்கு முறை நின்று மூச்சு வாங்கினார். கூடத்தில் அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் மேல் ஒரு கம்பளியைப் போட்டு, ரிமோட்டை அமுக்கித் தீயை எழுப்பிவிட்டு அவள் திரும்பி ஓடினாள்.

எல்லிஸின் கூடம் இருட்டாக இருந்தது. விரிப்பு இன்னும் சுருண்டபடி கிடந்தது. அதன் மேலேயே கம்பியும் கிடந்தது. அவள் வீட்டில் இருந்த அதே பழைய பெட்டி, இடப்பக்கச் சட்டம் ஒன்று மட்டும் சிவந்து சீறிக்கொண்டிருந்தது. ஆட்ரி விரிப்பில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து பின்தகடு சரியாக எட்டவில்லை. விழுந்தவர் உட்கார்ந்தா தட்டியிருப்பார்? கோட்டோடு தரையில் சரிந்து, கன்னத்தை விரிப்பில் வைத்துப் படுத்தாள். பெட்டியின் அடியில் தகட்டின் ஓரம் தெரிந்தது. பெயின்ட் உதிர்ந்து, புதிதாக அடிபட்ட இடமெல்லாம் பளபளத்தது.

இரண்டு தட்டினாள். பிறகு இரண்டு. பிறகு எண்ணவில்லை. அந்த அறைக்குள் சத்தம் காதைப் பிளந்தது, இதுவா அங்கே கேட்காமல் போகும் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. கேட்டிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பாரே. வரவில்லை. வராதது நல்லது, அதுதானே அவளுக்கு வேண்டும். ஆனாலும் தட்டத் தட்ட வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. யாராவது வந்தால் தேவலை என்று இருந்தது. தட்டிவிட்டு நிறுத்தி, மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள். பெட்டி சீறியது. தெருவில் ஒரு கார் போயிற்று. மறுபடி தட்டினாள். தோள் கடுத்தது, உள்ளங்கை எரிந்தது, தரையின் குளிர் இடுப்பில் ஏறியது. இது கொஞ்ச நேரம். மத்தியானம் வரைக்கும் என்றால் என்ன என்று அங்கே படுத்தபடி யோசித்துப் பார்த்தாள். கடைசியில் அவள் தட்டியது அவருக்கு நிரூபிப்பதற்காக இல்லை. நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்பதற்காகத் தட்டினாள்.

பிறகு எழுந்தாள். எழுவதற்கே நாற்காலியின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பியைக் கீழே வைக்கத் தோன்றாமல், அதைக் கையில் பிடித்தபடியே கொல்லை வழியாக நடந்தாள்.

எல்லிஸ் உட்கார்த்தி வைத்த இடத்தில் அப்படியே இருந்தார். தொப்பியைக் கழற்றிக் கம்பளியின் மேல் வைத்திருந்தார். சத்தமில்லாத தீயைப் பார்த்தபடி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, மிகுந்த பொறுமையோடு காது கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக் கண்டதும் அவசரமாக நிமிர்ந்தார்.

"கம்பி கிடைக்கலையா? விரிப்பு மேலதான் இருக்கு" என்றார். "அவசரமில்லை, நீங்க எப்ப வேணா ஆரம்பிங்க."